மாலை போட்ட படத்துக்கு என்ன சம்பளம்?

என் புருஷன் செத்துப்போனதை நான் டிவியில்தான் பார்த்தேன்.

யாரும் பதற வேண்டாம். அந்த நேரத்தில் மனிதர் என் பக்கத்தில்தான் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தோசைக்கு மிளகாய்ப்பொடி குழைத்துக்கொண்டிருந்தார். திருநின்றவூரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் டிவி இருக்கும் அறைதான் சாப்பிடும் அறை. என் தையல் மிஷின் இருப்பதும் அங்கேதான். என் மகள் கிருஷ்ணப்பிரியா பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டுச் செல்போன் நோண்டுவதும் அங்கேதான். ஏழரை மணி சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. அதில் கதாநாயகியின் அப்பா சிங்கப்பூரில் இருப்பதாகவே ரொம்ப நாளாகச் சொல்லி வந்தார்கள், ஆளைக் காட்டியதே இல்லை. கல்யாண பிளவுஸ்கள் குவிந்து கிடந்ததால் நான் சில நாள் சீரியல் பக்கம் திரும்பவில்லை. அதற்குள் அந்த அப்பா பிணமாக வீடு வந்து சேர்ந்து, காரியமும் முடிந்துவிட்டது போலிருக்கிறது. அன்றைக்கு நிமிர்ந்து பார்த்தால் கதாநாயகி சுவரில் மாட்டிய ஒரு படத்துக்குக் கீழே நின்று அழுகிறாள். படத்துக்குச் சந்தனப் பொட்டு, குங்குமம், சந்தன மாலை, பக்கத்தில் மினுக் மினுக்கென்று சிவப்பு பல்பு. மாலைக்கு நடுவில் என் புருஷன் பரந்தாமன்.

கையில் இருந்த ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டேன். மகள் செல்போனைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பிளந்தாள். அவரோ ஒரு துண்டு தோசையைப் பிய்த்து வாயில் போட்டபடி, "லைட்டிங் நல்லா கீது இல்ல?" என்றார்.

இந்த மனுஷனை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள். தாலி என் கழுத்தில் கெட்டியாகக் கிடக்கிறது, நெற்றியில் குங்குமம் காயவில்லை, ஊரே பார்க்கிற டிவியில் என் வீட்டுக்காரருக்கு மாலை. தட்டைப் பிடுங்கி வைத்தேன். அந்தக் குளிரில் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வைத்தேன். உப்பும் மிளகாயும் கையில் எடுத்து மூன்று சுற்று சுற்றி அடுப்பில் போட்டேன். மிளகாய் நெடியே வரவில்லை, அவ்வளவு திருஷ்டி. மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா கண்ணம்மா அரக்கப்பரக்க இறங்கி வந்து, ஈரத் தலையோடு நின்ற அவரைப் பார்த்து அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம்தான் கதை வெளியே வந்தது. அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் லேத் ஆப்பரேட்டர். ஐப்பசியில் அந்தக் கம்பெனியை மூடிவிட்டார்கள். கார்த்திகையில் ஒரு நாள் திருமழிசையில் ஒரு பம்ப் கம்பெனிக்குச் சர்டிபிகேட் கொடுக்கப் போனவர், திரும்பும்போது குமணன்சாவடியில் டீ குடித்திருக்கிறார். அங்கே ஏகாம்பரம் என்று ஒருவர், அந்தச் சீரியலுக்கு ஆள் பிடித்து, சாப்பாடு போட்டு, வண்டி ஏற்பாடு செய்கிற மேனேஜர், தலையில் கை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். பிணமாகப் படுக்க வரவேண்டிய ஆளை அவருடைய பெண்டாட்டி விடவில்லையாம். அந்தப் புண்ணியவதியைப் போல நானும் தடுக்க வாய்ப்பே தராமல், என்னைக் கேட்காமலேயே இவர் வேனில் ஏறிவிட்டார். மீசையைப் பார்த்ததுமே ஏகாம்பரத்துக்குப் பிடித்துப்போய்விட்டதாம். ஒரு நாள் வேலை. காலையில் படத்துக்குப் போஸ் கொடுத்தது, மத்தியானம் வடை பாயசத்தோடு சாப்பாடு, சாயங்காலம் வரைக்கும் பாடையில் படுத்தது. முடிந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னார்களாம். செத்ததாக நடித்தவர் சிரித்துவிட்டால் தோஷம் போய்விடும் என்பது அவர்கள் தொழில் வழக்கம். சிரித்துவிட்டேன், அதனால் ஒன்றும் ஆகாது என்று என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். சிரித்ததை ஏன் டிவியில் காட்டவில்லை என்று கேட்டேன், துண்டை எடுத்துத் தலையைத் துவட்ட ஆரம்பித்துவிட்டார்.

சரி, ஒரு நாளோடு போயிற்று என்று நினைத்தேன். மறுநாளும் ஏழரை மணிக்குப் படம் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. கதாநாயகிக்குச் சந்தோஷம் என்றாலும் படத்தின் முன்னால் வந்து நிற்கிறாள், துக்கம் என்றாலும் வந்து நிற்கிறாள். வில்லி அத்தை சாவி தேடுவதும் அந்தப் படத்துக்குக் கீழேதான். பால்காரர் என்னிடம் துக்கம் விசாரித்துவிட்டு, பிறகு சிரித்துக்கொண்டே போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் அதற்கெல்லாம் மேலே எங்களுக்கு வேறு ஒரு கவலை இருந்தது. திருமழிசைக் கம்பெனி அவரை எடுத்துக்கொண்டுவிட்டது. ஆனால் புது ஷெட்டில் மெஷின் இறங்கி, பொங்கல் கழிந்துதான் வேலை. அதுவரை என்ன செய்வது? ஓசூரில் இருக்கும் என் அண்ணன் கோதண்டம், அங்கே காண்டிராக்ட் வேலை இருக்கிறது, உடனே மாப்பிள்ளையை அனுப்பு என்று தினமும் போன் போட்டார். போனால் திருமழிசை கைவிட்டுப் போகும். அங்கே ஆறேழு பேரோடு ஒரே ரூமில் படுக்கை, மாதம் ஒருமுறை வீடு. நான் உள்ளதைச் சொல்கிறேன், அவர் இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்காது. சண்டை போடவாவது ஆள் வேண்டும். எங்களுக்கு இருந்த ஒரே பிடிமானம், கம்பெனியில் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக் கட்டியதற்காக, வேலை போனால் சில மாதம் கொடுக்கும் உதவித்தொகைதான். அது வந்தால் பொங்கல் வரை இழுத்துப் பிடிக்கலாம். வராவிட்டால் ஓசூர்.

அந்த விண்ணப்பத்தில் ஒரு கேள்வி. வேலை போன பிறகு வேறு எங்காவது வேலை செய்தீர்களா? இல்லை என்று எழுதிவிடுங்கள் என்று நான் சொன்னேன். பாடையில் படுத்தது ஒரு வேலையா? பரந்தாமனுக்குப் பொய் எழுதக் கை வரவில்லை. சீரியலில் ஒரு நாள் நடிப்பு என்று அழகாக எழுதிவிட்டார். நடிப்பு என்ற சொல்லை எழுதும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை வேறு.

அம்பத்தூரில் இருக்கும் அந்த உதவித்தொகை அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். இவரைத் தனியாக அனுப்பினால் எதில் போய்ப் படுத்துக்கொள்வாரோ என்று பயம். அங்கே இருந்த அதிகாரி மங்களம், ஐம்பது வயது இருக்கும், கறாரான முகம். தாளைப் பார்த்தார், இவர் முகத்தைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். உங்களை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்றார். நான் இவர் தொடையைக் கிள்ளினேன். அந்தம்மா தன் நெற்றியைத் தொட்டுக்கொண்டு யோசித்து, சந்தனப் பொட்டு ஞாபகம் வந்துவிட்டது போல, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டார். தினமும் வீட்டில் மாலையோடு பார்க்கிற ஆள் எதிரே வந்து உட்கார்ந்தால் யார்தான் தள்ளமாட்டார்கள்?

பிறகு மறுபடி அதிகாரி ஆனார். "சார், ஒரு நாள்னு எழுதியிருக்கீங்க. நான் உங்களை தினம் பாக்கறேனே?" என்றார்.

அந்தம்மா எங்களுக்குச் சொன்ன விதி இதுதான், எனக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். இடையில் ஒரு நாள் இரண்டு நாள் கூலி வேலை செய்தால் அந்த நாளுக்கு மட்டும் தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். ஒளிக்காமல் எழுதியது நல்லது. ஆனால் தொடர்ந்து வேலை இருக்கிறது என்றால் அவர் வேலையில்லாதவர் கிடையாது. ஃபைலை மூடிவிடுவார்கள். அந்த வேலை போனால் மறுபடி திறப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. இப்போது கேள்வி, இவர் வேலை ஒரு நாளோடு முடிந்ததா, தினமும் நடக்கிறதா?

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. தொங்குவது படம்தானே, மனுஷன் இல்லையே என்று கேட்டேன். அந்தம்மாவின் தலைக்கு மேலே சுவரில் ஒரு தலைவர் படம் மாட்டியிருந்தது. "அவருக்கு மாசம் எவ்ளோ குடுக்கறீங்க மேடம்?" என்றேன். பக்கத்து மேஜையில் ஒருவர் இருமுவது போலச் சிரித்தார். மங்களம் சிரிக்கவில்லை, ஆனால் உதட்டை மடித்துக்கொண்டார். படத்துக்குத் தினப்படி கொடுக்கிறார்களா இல்லையா என்று தனக்கு எப்படித் தெரியும், நாளைக்குத் தணிக்கையில் யாராவது கேட்டால் தான் என்ன சொல்வது என்றார். வேலை ஒரு நாள்தான், படத்துக்குச் சம்பளம் இல்லை என்று சீரியல்காரர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் வந்தால் போதும் என்று சொல்லி எங்களை அனுப்பினார்.

மறுநாள் ஆவடி வரை ரயில், அங்கிருந்து பூந்தமல்லி பஸ். கரையான்சாவடி தாண்டும் வரை அவரை நான் திட்டிக்கொண்டே வந்தேன். குமணன்சாவடியில் இறங்கி உள்ளே தள்ளிப் போனால் ஒரு பழைய பங்களா. அதுதான் சீரியல் வீடு. டிவியில் அரண்மனை மாதிரி இருந்தது, நேரில் பார்த்தால் பின்சுவரெல்லாம் பிளைவுட். ஏகாம்பரம் ஓடி வந்து, "வா அண்ணாத்தே" என்று இவரைக் கட்டிக்கொண்டார். எனக்கு ஒரு நாற்காலி போட்டுக் காபியும் கொடுத்தார். நான் காபியைத் தொடவில்லை. ஹாலில் அந்தப் படம் தொங்கியது. டிவியில் பார்த்ததை விடப் பெரிது. அதன் கீழே, டிவியில் இவருக்குப் பெண்டாட்டியாக வரும் அம்மா வெறும் நெற்றியோடு உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார். பார்த்துவிட்டு என்னிடம் பாக்கெட்டை நீட்டினார். நல்ல மாதிரிதான், ஆனாலும் நான் வாங்கவில்லை.

கடிதம் என்றதும் ஏகாம்பரம் அதற்கென்ன என்று உடனே ஒத்துக்கொண்டார். படத்துக்கு யாராவது சம்பளம் கொடுப்பார்களா என்று அவரும் சிரித்தார். எழுதிக்கொண்டிருக்கும்போதே டைரக்டர் வந்துவிட்டார். ஹேமநாதன் என்று பெயர், சின்ன வயது, தொப்பி. இவரைப் பார்த்ததும் அவர் கண் விரிந்துவிட்டது. உங்களைத்தான் தேடச் சொல்லியிருந்தேன் என்றார். ஜனங்கள் அந்தப் படத்தைப் பார்த்து உருகுகிறார்களாம். பாவம் அந்த அப்பா, அந்த முகத்தைப் பார்த்தால் சாகிற ஆள் மாதிரியா இருக்கிறது என்று எழுதிக் குவிக்கிறார்களாம். அதனால் அப்பாவை உயிரோடு கொண்டுவரப் போகிறார்கள். அடுத்த வாரமே ஆரம்பம். மாதத்தில் பாதி நாள் வேலை, இரண்டு வாரமோ ஒரு மாதமோ, கதை போகிற போக்கைப் பொறுத்து.

கொள்ளி வைத்தாயிற்றே என்று நான் கேட்டேன். அது வேறு ஆள் என்று டைரக்டர் ஒரே போடாகப் போட்டார். ஏகாம்பரம் என்னைப் பார்த்து, இதையெல்லாம் கேட்கக் கூடாது என்பது போலக் கையை அசைத்தார்.

எனக்கு அந்த நிமிஷம் நெஞ்சு நிறைந்துவிட்டது. மாலை இறங்குகிறது. என் புருஷன் உயிரோடு வருகிறார். கையெடுத்துக் கும்பிடலாம் என்று எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மாதத்தில் பாதி நாள் என்றால் அது ஒரு நாள் கூலி இல்லை, தொடர் வேலை. மங்களம் ஃபைலை மூடிவிடுவார். இரண்டு வாரம் கழித்துக் கதை போகிற போக்கில் மறுபடி கொன்றுவிட்டால்? சீரியலும் இருக்காது, தொகையும் இருக்காது, பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கும், அண்ணன் ஓசூரில் இருந்து டிக்கெட்டே போட்டுவிடுவார். உயிரோடு வந்தால் வீட்டைவிட்டுப் போகிறார், செத்துக் கிடந்தால் வீட்டிலேயே இருக்கிறார். இப்படி ஒரு கணக்கை எந்தப் பெண்டாட்டியாவது போட்டிருப்பாளா?

முடியாது என்று சொல்லுங்கள் என்று அவரிடம் முணுமுணுத்தேன். அவர் அசையவில்லை. முகத்தைப் பார்த்தேன். கம்பெனியை மூடி அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிய நாளில் இருந்து நான் பார்க்காத ஒரு வெளிச்சம் அந்த முகத்தில் இருந்தது. அவர் மெதுவாகத்தான் பேசினார். "நீ வேணாம்னு அனுப்சாங்க தாட்சா. இவரு வேணும்ன்றாரு. எனக்கு அது போதும்னு கீது."

என்னத்தைச் சொல்வது? அந்த ஒரு நிமிஷத்தில் என் கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. இத்தனை நாளும் மிளகாய்ப்பொடி குழைத்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்திருந்தாரே, உள்ளே இது இருந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லையே என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அழுதால் ஆகாது என்று புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு டைரக்டரிடம் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். திருமழிசை வேலை, உதவித்தொகை, ஓசூர், மங்களம், எல்லாம். பொங்கல் கழிந்து அவர் வேலையில் சேர்ந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமை லீவு. எத்தனை ஞாயிற்றுக்கிழமை வேண்டுமானாலும் கூட்டி வந்து விடுகிறேன், நீங்கள் அழச் சொன்னால் அழுவார், சிரிக்கச் சொன்னால் சிரிப்பார். அதுவரைக்கும் மட்டும் அவரை எழுப்பாதீர்கள். இதைச் சொல்லிவிட்டேன், ஆனால் டைரக்டர் புரியாமல் பார்த்தார். அதனால் பட்டென்று போட்டு உடைத்தேன்.

"பொங்கல் முடியற வரைக்கும் எங்க ஊட்டுக்காரரு செத்தே இருக்கட்டும் சார்."

என் வாயால் இதைச் சொன்னேனே என்று பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. லைட்காரர், மேக்கப் போடும் பெண், எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். டிவியில் பெண்டாட்டியாக வரும் அந்த அம்மா எழுந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார். இந்தத் தடவை நான் தட்டிவிடவில்லை.

ஹேமநாதன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இழுக்கணும், அவ்ளோதானே? நாங்க வேற என்னம்மா பண்றோம்?" என்றார். ஹால் முழுக்கச் சிரிப்பு. கதாநாயகி கல்யாணத்தைப் பொங்கல் வரைக்கும் இழுத்துவிடலாம், தாலி கட்டும் நேரத்தில் அப்பா வாசலில் வந்து நிற்கட்டும், அதுதான் இன்னும் நன்றாக இருக்கிறது என்று தனக்குத் தானே பேசிக்கொண்டு போனவர், பாதியில் திரும்பி என்னைப் பார்த்தார். அப்பாவை வாசலில் முதலில் பார்க்கும் வேலைக்காரப் பெண்ணாக நீங்களே வந்துவிடுங்கள், இப்போது அழுதீர்களே அதே மாதிரி அழுதால் போதும் என்றார். ஏகாம்பரம் பயந்துபோய், உங்களுக்கும் எங்காவது ஃபைல் கீல் இருக்கிறதா தங்கச்சி என்று கேட்டார். பிளவுஸ் தைத்து, வடகம் போட்டு, சீட்டுக் கம்பெனிக்கு உறை ஒட்டி, இந்தக் கைக்கு ஓய்வே கிடையாது. ஆனால் எந்த ஆபீசிலும் என் பெயர் கிடையாது. அதைச் சொன்னேன். ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தேன்.

கடிதத்தோடு அம்பத்தூர் போனோம். மங்களம் அதை நிறுத்தி நிதானமாகப் படித்தார். வேலை ஒரு நாள், அதன் பிறகு புகைப்படம் மட்டும், அதற்கு ஊதியம் இல்லை. அந்த ஒரு நாளைக் கழித்துவிட்டு மீதிக்குக் கையெழுத்துப் போட்டார். நாங்கள் எழுந்திருக்கும்போது குரலைத் தாழ்த்தி, "ஒண்ணு கேக்கலாமா? அவர் நிஜமாவே செத்துட்டாரா?" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம், ஆனால் அந்தம்மா முகத்தைப் பார்த்தால் பாவமாக இருந்தது. ஒரு மாதம் பொறுமையாகப் பாருங்கள் மேடம் என்று மட்டும் சொன்னேன். அலுவலகம் என்பதையே மறந்து கையைத் தட்டிக்கொண்டார்.

மார்கழி முழுக்க எங்கள் வீட்டில் ஒரு சட்டம் போட்டேன். ஏழரை மணிக்கு அவர் எங்கே இருந்தாலும் என் கண் முன்னால் வந்து உட்கார்ந்துவிட வேண்டும். டிவியில் மாலையைப் பார்க்கும்போது பக்கத்தில் அவர் முழங்காலைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். ஒரு நாள் பாலாஜி மெடிக்கல்ஸுக்கு மாத்திரை வாங்கப் போய் எட்டு மணிக்கு வந்தார். அன்றைக்கு அவருக்குக் கிடைத்த வரவேற்பை மாடி வீட்டுக் கண்ணம்மா இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். அண்ணன் ஓசூரில் இருந்து போன் போட்டு, என்ன முடிவு என்றார். மாப்பிள்ளை இங்கேதான் இருக்கிறார், இங்கேயேதான் இருப்பார் என்று சொன்னபோது எனக்குக் கொஞ்சம் கர்வமாகவே இருந்தது.

பொங்கல் முடிந்தது. திருமழிசைக் கம்பெனியில் சேர்ந்தார். புது யூனிபார்ம் சட்டையில் தோள் தொளதொளவென்று இருந்தது, நான் பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். அந்த வார ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருமாகக் குமணன்சாவடிக்குப் போனோம். மகள் தோழிகளிடம் எல்லாம் சொல்லிவிட்டு, முன்னாலேயே வந்து ஓர் ஓரத்தில் நின்றுகொண்டாள்.

எனக்குச் சொல்லிக் கொடுத்தது மூன்றே மூன்று விஷயம். கையில் தாம்பாளத்தோடு வாசலுக்கு வர வேண்டும். அய்யாவைப் பார்க்க வேண்டும். தாம்பாளத்தைக் கீழே போட்டுவிட்டு, அய்யா என்று அழ வேண்டும். மேக்கப் பெண் கண்ணீர் வர ஏதோ மருந்து தடவ வந்தாள். வேண்டாம் என்றேன்.

மேளக்காரர்கள் வாசித்தார்கள். நான் வாசலுக்கு வந்தேன். கலைந்த தலையும் வெள்ளைத் தாடியுமாக அவர் படியில் நின்றிருந்தார். தாடி ஒட்டியது என்று எனக்குத் தெரியும், காலையில் என் கையால் இட்லி தின்றுவிட்டு வந்தவர் என்றும் தெரியும். தெரிந்து என்ன பயன்? இத்தனை நாள் ஏழரை மணிக்கு அடக்கி வைத்தது எல்லாம் ஒன்றாகக் கிளம்பி வந்தது. தாம்பாளம் தானாகவே விழுந்தது. அய்யா என்ற சொல் எனக்கு வரவே இல்லை. "எங்கய்யா போயிட்ட இத்தினி நாளா" என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அப்புறம் விறுவிறுவென்று உள்ளே போய், ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சுவரில் இருந்த மாலையை அப்படியே பிடுங்கிவிட்டேன். கேமரா என் பின்னாலேயே ஓடி வந்ததாம், அதெல்லாம் எனக்குத் தெரியாது.

கட் என்றதும் எல்லோரும் கைதட்டினார்கள். ஹேமநாதனுக்கே கண் கலங்கியிருந்தது. பிரமாதம் என்றார். பிறகு, இந்தத் தொழில்காரர்கள் எப்போதும் செய்வது போல, பக்கத்தில் இருந்து ஒருமுறை எடுத்துவிடலாம் என்றார். மாலையைத் திரும்பப் படத்துக்குப் போடுங்கள், சார் மறுபடி வெளியே போய் நிற்கட்டும். ஏகாம்பரம் என்னிடம் வந்து கையை நீட்டினார். நான் மாலையைச் சுருட்டி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, என் வீட்டுக்காரரையும் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். ரொம்ப நேரம் கேட்டுப் பார்த்தார்கள். கடைசியில் எடுத்ததே போதும் என்று லைட்டை அணைத்தார்கள்.